வெள்ளைச் சொக்ஸ்

பாரிசில் கலியாணம் முடித்து
பதினேழு நாள் கழித்து லாங்கென்தாலில் கதவைத் திறந்தோம்.
வீடு நல்ல பிள்ளையாய்ப் படுத்திருந்தது.
மூன்றாவது அடியில்
கணுக்காலில் ஒரு மிளகாய் விதை.
பிறகு ஒரு பிடி.

தெள்ளு என்றேன்.
"பேனைப் பெருமாள் ஆக்காதை" என்றார் குகதாசன்,
ஒரு காலால் மறுகாலைத் தேய்த்தபடி.

ஈரமான வெள்ளைத் தாளில் பென்னோவை நிறுத்தி
மிதுனாவின் பழைய பேன் சீப்பால் சீவினேன்.
மிளகுத்தூள்போல் கொட்டியது.
கொட்டியது மெல்லச் சிவந்து விரிந்தது.
நாயின் இரத்தம்தான்,
யாரோ குடித்து, செரித்து, கழித்தது.

கழுத்தில் மருந்தைச் சொட்டிவிட்டு
மிருக வைத்தியர் சொன்னாள்:
நாயில் இருப்பது இருபதில் ஒன்று.
மிச்சம் கம்பளத்தில், மெத்தை மடிப்பில்,
முட்டையாய், புழுவாய், கூடாய்.
கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் பொறுத்திருக்கும்.
ஆள் வரும் அதிர்வு கேட்டால்தான் உடைத்துக்கொண்டு வரும்.

அப்படியென்றால்
இந்த ஊரில் எங்கள் காலடிக்காகக்
காத்திருந்தவை அவை மட்டும்தான்.

எல்லாவற்றையும் அறுபது பாகையில் துவையுங்கள் என்றாள்.
எல்லாவற்றையும்.
அவள் வீட்டில் சொந்த மெஷின் இருக்கும்.
எங்கள் கட்டடத்தில் எட்டுக் குடி, ஒரு மெஷின்.
எங்கள் முறை ஒன்றுவிட்ட வியாழன்.
இன்றைக்கு வெள்ளி.

மாற்றிக் கேட்கலாம்.
கேட்டால் ஏன் என்பார்கள்.
ஏன் என்றால் தெள்ளு.
தெள்ளு என்றால் நாங்கள்.
வாசலில் சப்பாத்துக் கிடப்பதற்கே
போன மாரியில் கடிதம் எழுதினவர்
மூன்றாம் மாடியில் இருக்கிறார்.

ஆகவே இரவில், குளியல் தொட்டியில்
கொதிநீர் ஊற்றி, ஆறவிட்டுப்
போர்வைகளை மிதித்தேன்.
குகதாசன் வேலைக்குப் போகுமுன் ஒருதரம்
வந்து ஒருதரம் வக்கூம் பிடித்தார்.
பையை இறுக்கிக் கட்டி
ஜாக்கெட்டுக்குள் வைத்து
ரயில் நிலையக் குப்பைத்தொட்டிவரை நடந்தார்
களவெடுத்த ஆள்மாதிரி.
ஞாயிறு வக்கூம் சத்தம் கூடாது.
தெள்ளுகளுக்கு ஞாயிறு இல்லை.

விளக்கின் கீழே சவர்க்காரத் தண்ணீர்த் தட்டு.
விடிய எண்ணி மிதுனா கலண்டரில் எழுதினாள்:
நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டு.
நாற்பத்தாறு.

ஆறாம் நாள் மாடிப்படியில்
கீழ்வீட்டு ஃபிரவ் லூத்தி குனிந்து நின்றார்.
என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.
அவர் காலுறைக்கு மேலே
வரிசையாய் மூன்று சிவப்புப் பொட்டு.
என் காலிலும் அதே வரிசை.
இருவரும் கால்களைப் பார்த்தோம்,
பிறகுதான் முகங்களை.

"என் பூனை..." என்று தொடங்கி
கண் கலங்கினார்.
ஐந்து கிழமையாய் மறைத்திருக்கிறார்.
எங்கள் நாயாகவும் இருக்கலாமே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
எடுத்த வாயால்
"பரவாயில்லை" என்றேன்.

அன்று பின்னேரமே
தன் செவ்வாய்க்கிழமையையும் சாவியையும்
என் கையில் தந்தார்.
அவர் படுக்கை விரிப்பும் எங்கள் போர்வையும்
ஒரே வயிற்றுக்குள் புரண்டன.
கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்
உண்மையைச் சொல்லாமல்.

மூன்று கிழமைக்குப் பிறகு
தட்டு தெள்ளத் தெளிவாய் இருந்தது ஒரு காலை.
கூடுகள் இருக்கக்கூடும்.
அதனால் இரவில்
மிதுனாவின் உதைபந்தாட்டச் சொக்ஸை
முழங்கால்வரை இழுத்துக்கொண்டு
அறை அறையாய் நடக்கிறேன்
குதிக்கால் ஊன்றி,
ஆள் வந்திருக்கு என்று தரைக்குச் சொல்லி.
வெள்ளையில் ஒரு கறுப்பு எழுத்தும் விழுவதில்லை.

கீழேயிருந்து தும்புத்தடியால்
இரண்டு தட்டுத் தட்டுவார் ஃபிரவ் லூத்தி: என்ன நிலவரம்?
ஒருதரம் மிதித்தால், ஒன்றுமில்லை.
இரண்டுதரம் என்றால், நாளைக்கும் மெஷின்.

நேற்று
ஒருதரம் மிதித்துவிட்டேன்.
அந்த நேரம் பார்த்து
பென்னோ எழும்பிக் காதைச் சொறிந்தான்.
சும்மாவும் சொறிகிற நாய்தான்.
தூக்கிய காலோடு
நின்றுகொண்டிருந்தேன்.