வாடகைப் பாக்கி

ஹாமர்ஃபெஸ்ட்டில் சூரியன் விடைபெற்ற வாரம்
மாடியில் குடியிருந்த இங்வே
சொல்லாமல் கிளம்பிப் போனான்.
மூன்று மாத வாடகைக்கு ஈடாக
ஒரு மீன்தொட்டி,
அதற்குள் ஒரு குச்சி,
குச்சியைக் கட்டிக்கொண்டு
அடுப்புக்கரி நிறத்தில் ஒரு பச்சோந்தி.
சமையல் தராசில் வைத்தேன்:
நூற்றுப் பன்னிரண்டு கிராம்.

ஆல்ட்டாவிலிருந்து போனில் பேசினார்
கால்நடை மருத்துவர் ஆஸ்லாக்.
"நாலு பக்கமும் கண்ணாடி. எங்கே திரும்பினாலும்
எதிரி ஒருத்தன் நிற்கிறான் அதற்கு.
வலைக்கூண்டு கட்டுங்கள். காற்று ஓடணும்.
மேலே ஏற உயரம், ஒளிந்துகொள்ள இலை.
தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள்,
அதற்குக் கிண்ணம் தெரியாது."

கப்பல் பட்டறையில் நான் வெல்டர்.
சாப்பாட்டு நேரத்தில் அலுமினியச் சட்டம் அடித்தேன்,
என் தோள் உயரத்துக்கு.
கோழிக்கா என்றான் ஸ்வெர்ரே.
வாடகை தராதவனுக்கு என்றேன்.

அடியில் சுட்ட களிமண் உருண்டைகள்,
மேலே துணி, துணிக்கு மேல் மண்.
மண்ணில் கண்ணுக்கே தெரியாத வெள்ளைப் பூச்சிகள்,
தபாலில் வந்தன, ஒரு டப்பா நிறைய,
எச்சத்தைத் தின்று கூட்டிப் பெருக்குமாம்.
என் வீட்டுக்கு வந்த முதல் வேலையாட்கள்.

செடிக்குத்தான் திண்டாட்டம்.
நவம்பரில் இந்த ஊரில்
பிளாஸ்டிக் தவிர எதுவும் பச்சையில்லை.
பல் மருத்துவர் வரவேற்பறையிலிருந்து
பாதி உதிர்ந்த ஒரு ஃபைகஸ் கொடுத்தார்.
நூலகத்து குன்வோர் மணி பிளாண்ட்டை
பிள்ளையைப் போலக் கம்பளியில் சுற்றிக்கொண்டு
பனியில் நடந்து வந்தாள்.
கீழ்வீட்டு எரித்திரியாக்காரர் டெஸ்ஃபாய்
ஒரு செம்பருத்தித் தொட்டியை வாசலில் வைத்து,
"பூத்தால் மட்டும் கூப்பிடுங்கள்" என்று போய்விட்டார்.

ஒவ்வொரு இலையையும் மூன்று முறை கழுவினேன்.
வேர் பிடிக்கட்டும் என்று இரண்டு வாரம்
வெறும் கூண்டில் விளக்கு எரிந்தது.
அதுவரை மீன்தொட்டியின் உட்புறத்தில்
ஹாமர்ஃபெஸ்ட் நாளிதழை ஒட்டிவைத்தேன்.
எதிரிகள் போனார்கள்.
இறந்தோர் அறிவிப்புகளை வெறித்தபடி
அது கொஞ்சம் சாம்பல் நிறத்துக்கு வந்தது.

டிசம்பர் ஒன்பது.
கையைத் தாழ்த்தி வைத்துக் காத்திருந்தேன்.
முன்னே ஒரு கால், யோசனை,
பின்னே ஒரு கால், மறுயோசனை,
தோசைக்கல்லைத் தொடுகிறவனைப் போல
ஃபைகஸின் கிளையைத் தொட்டது.
பிறகு இலைகளுக்குள் போய்
மூன்று நாள் ஆளையே காணோம்.

காலை ஏழுக்கு டைமர் 'டக்' என்னும்.
வெளியே நண்பகலும் நீலமாகவே கிடக்க
என் சமையலறையில் முப்பது டிகிரி வெயில்.
குன்வோர் வருவாள், செடியைப் பார்க்க என்பாள்,
கோட்டைக் கழற்றி முகத்தை வலைக்கு நேரே நீட்டிக்கொண்டு
காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருப்பாள்.
பல் மருத்துவரும் வந்தார்.
யாரும் அதிகம் பேசவில்லை.
கட்சி மாறியவனை, பேச்சு மாறியவனை
இதன் பெயரால்தானே திட்டுகிறோம்?
இதுவோ மனதில் உள்ளதைத்
தோலில் எழுதிக்கொண்டு திரிகிறது,
பொய் சொல்ல வழியே இல்லாமல்.

நாலாம் நாள்.
மேல்வலையில் வைத்த சொட்டுக்குழாயிலிருந்து
ஒரு துளி மணி பிளாண்ட்டின் நுனிக்கு இறங்கி
விழலாமா என்று நின்றது.
ஒரு கண் என் மேல்.
இன்னொரு கண் துளியின் மேல்.
என் மேல் இருந்த கண்ணும் மெல்லத் திரும்பியது.
வாயைத் திறந்து குடித்தது,
துளி துளியாய் இருபது நிமிடம்.
கழுத்திலிருந்து வால்வரை
பச்சை கிளம்பி வந்தது.
நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்,
கால் மரத்துப் போனது தெரியாமல்.

ஜனவரியில் இங்வே போன் செய்தான்.
ஸ்டவாங்கரில் வேலையாம்.
ஒரு மாத வாடகை அனுப்பியிருக்கிறானாம்.
"அது... உயிரோடு இருக்கா?"

செம்பருத்தியில் ஒரு மொட்டு விட்டிருந்தது.
டெஸ்ஃபாயைக் கூப்பிடலாம் என்று நினைத்து
காலையில் வந்து பார்த்தால் காம்பு மட்டும்.
அதைத் தின்றவன் வாயோரம் சிவப்போடு
விளக்கடியில் கண்மூடிக் கிடந்தான்.

"இன்னும் இரண்டு மாதம் பாக்கி" என்றேன்.