அறுபத்து மூன்று

பத்தொன்பது ஓட்டில் தோற்றார் தனகோட்டி.
நான் வாங்கியது அறுபத்து மூன்று.
கழித்தல் தெரிந்தவர்கள் எல்லாம்
அன்று சாயங்காலமே என் ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"ஓட்டப் பிரிச்சிட்டியேம்மா."
ஏதோ அவர் வீட்டு பீரோவில் மடித்து வைத்திருந்ததை
நான் எடுத்துக் கிழித்த மாதிரி.

அவர் வேட்புமனுவுக்கும்
ஜெயித்த புருஷோத்தமன் வேட்புமனுவுக்கும்
முன்பக்கம் பின்பக்கம் நகல் எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.
சொத்து விவரப் பக்கங்கள் சூடாக வெளியே வந்தன.
இரண்டு பேர் நோட்டீசிலும் எங்கள் தெருச் சாக்கடை இல்லை.
மூன்றாவது மனுவை எனக்கே எடுத்துக்கொண்டேன்,
காசு வாங்காமல்.

சின்னமாக முக்காலி கிடைத்தது.
கெடிலம் பொங்கி வீட்டுக்குள் வந்த நவம்பரில்
அரிசி மூட்டையை ஏற்றி வைத்தது ஒரு முக்காலி மேல்தான்.
அதைத் தூக்கிக்கொண்டே ஓட்டுக் கேட்டேன்.
கால் வலித்தால் அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியவரே
மிதந்து வந்து கரையேறிய ஊர் இது.
என் டெபாசிட் கரையேறவில்லை.

"ஒனக்கு வுழுந்ததெல்லாம் மாமாவுக்கு வுழ வேண்டியது"
என்றான் தனகோட்டியின் மைத்துனன் கன்னியப்பன்.
என் கடைக்கு வராதவர்கள் எல்லாம்
எனக்குப் பாக்கி என்று
நானும் ஒரு நோட்டுப் போட்டு எழுதலாம்தான்.

கடையை மூடிவிட்டு எண்ணிப் பார்த்தேன்.
வீட்டில் மூன்று.
மாமியார் கற்பூரம் அணைக்க மறுத்ததால் இரண்டரை.
டயாலிசிஸ் ரசீதுகளை நகலெடுக்க வரும் தெய்வநாயகி:
இருபது வருஷமாக வாக்குச்சாவடிப் பக்கமே போகாதவள்.
புருஷோத்தமனிடம் பணத்தை வாங்கிக்கொண்டு
எனக்குக் குத்தியதாகச் சிரித்த முட்டைக்கடைக்காரர்.
மேசை என்று நினைத்து முக்காலியை அழுத்திய ஒருவர்,
வந்து மன்னிப்பும் கேட்டார்.
இருபத்தெட்டு வரை போனேன்.
மிச்சம் முப்பத்தைந்து பேர்
யாரென்றே தெரியாது.

பாடலீஸ்வரர் கோயிலில் வரிசையாக நிற்கும்
அறுபத்து மூவரிலும்
எனக்குப் பேர் தெரிந்தவர்கள் ஒன்பது பேரோ பத்துப் பேரோ.
மற்றவர்களையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

இருந்தாலும்,
புருஷோத்தமன் பதவியேற்ற மூன்றாம் வாரம்
குப்பை கொட்டும் இடம் எங்கள் தெருமுனைக்கு வந்தது.
தனகோட்டி வந்திருந்தால் வந்திருக்காதோ?
தெற்குக் காற்றில் சிப்காட் வாடை ஏறி வரும் ராத்திரிகளில்
இதுவும் அதோடு சேர்ந்துகொள்ளும்.
படுத்தபடி கணக்குப் போடுவேன்.
இருபது பேர், இருபதே பேர்
அந்தப் பக்கம் போயிருந்தால்.
பொய் சொல்ல மாட்டேன்,
விடிகிற வரைக்கும் அந்தக் கணக்கு என்னை விடாது.

போன செவ்வாய்க்கிழமை தனகோட்டியே வந்தார்.
கொடி கட்டாத ஸ்கூட்டர், கூட ஆளில்லை.
யார் யார் ஓட்டுப் போட வந்தார்கள் என்று
டிக் அடித்த வாக்காளர் பட்டியல்.
"ஒரு காப்பி."
இருபத்தாறு பக்கம்.

கண்ணாடி மேல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போடும்போது
பார்க்காமல் இருக்க முடியாது.
அவர் தெருவில் மட்டும் டிக் இல்லாமல் நாற்பத்தொரு பேர்.
அதில் ஒரு பேர் அவர் மகனுடையது.
பெங்களூரிலிருந்து வரவில்லை போல.
மிஷின் வெளிச்சம் அந்த வரியின் மேலும்
எல்லா வரியையும் போலத்தான் ஓடிப் போனது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

நின்று நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.
மூலையில் கிடந்ததை நகர்த்தி வைத்தேன்.
அது என்னவென்று ஒரு நிமிஷம் பார்த்தார்.
பிறகு உட்கார்ந்தார்.

"அடுத்த தடவையும் நிப்பியா?"

"டோனர் தீரப் போகுது, இருங்க" என்றேன்.

பக்கத்துக்கு இரண்டு ரூபாய், ஐம்பத்திரண்டு.
ஐம்பது ரூபாய் நோட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

மீதி இரண்டு ரூபாயைக்
கேட்டு வாங்கினேன்.