கடைசிப் புள்ளி

மே மாதக் கிளாக்ஸ்விக்கில் இரவென்று பெரிதாக ஒன்றுமில்லை.
மூன்று மணிக்கே ஜன்னலில் சாம்பல் வெளிச்சம்.
துறைமுகத்தில் காற்று
கம்பிக் கயிறுகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

ரன்வா அழைத்தாள், கால்நடை மருத்துவர்.
"கால்சோயில் ஓர் ஆடு. குட்டி குறுக்கே கிடக்கிறது.
முதல் படகு எத்தனைக்கு?
உங்கள் தளம் திறக்கவே மாட்டேன் என்கிறது."
கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து
மார்னா சொன்னாள்: ஆறு நாற்பது.
அந்தக் காகிதத்துக்கு சர்வர் தேவைப்படவில்லை.

பிறகு தேடினாள்.
சேவையை நிறுத்தி எழுப்பினாள்;
எழுந்தது, எனக்கென்ன என்பதுபோல.
சான்றிதழ் நவம்பர் வரை செல்லும்.
தீயரண் வழிவிட்டுத்தான் இருந்தது.
போர்ட் எண்ணை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.
அனுமதிகளைத் தளர்த்தினாள்,
பயந்துபோய் மறுபடி இறுக்கினாள்.
காபி ஆறி ஆடை கட்டியது.

புது எந்திரத்தின் பதிவேட்டில் ஒரே ஒரு வரி:
நேற்று மாலை அவளே சோதித்தது.
அப்புறம் வெறுமை.
பிழை என்றால் திட்டியிருக்கும்.
திட்டக்கூட ஆளில்லை.

அப்போதுதான் உறைத்தது.
வீட்டில் குறையில்லை;
வாசல்வரை யாரும் வந்து சேரவில்லை.

சொந்த வீட்டுக்கு வழி கேட்டாள், வெளியூர்க்காரியைப் போல.
பதில் வந்தது:
ஃபெரியா.நோர்தோய்.ஃபோ.நோர்தோய்.ஃபோ

ஊர் இரண்டு முறை.

பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைக்கவேண்டும்.
வைத்தால், சொல்ல வந்தது முடிந்தது என்று பொருள்.
விட்டால்,
பாவம் பாதியில் நிற்கிறதே என்று
சர்வரே ஊரைச் சேர்த்து அனுப்பிவைக்கும்,
அத்தனை அக்கறையோடு,
இல்லாத இடத்துக்கு.

நமக்குத் தெரியாததா:
புள்ளி விழுந்தால் பல் பல ஆகிவிடும்,
வாய் கொள்ளாது.

எடுத்து ஒட்டும்போது விழுந்திருக்கிறது.
ஒட்டியதும் அவள்தான்.
யார்மேலாவது போடலாமென்று ஒரு கணம் பார்த்தாள்.
அறையில் வேறு யாருமில்லை.

வைத்தாள்.
வரிசை எண்ணை ஒன்று கூட்டினாள்,
இல்லாவிட்டால் துணைச் சர்வர் திரும்பிக்கூடப் பார்க்காது.
ஆனாலும் கேட்டவர்களெல்லாம்
தவறான பதிலை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்;
எண்பத்தாறாயிரத்து நானூறு விநாடி அதை அவிழ்க்கமாட்டார்கள்.
அந்தக் கெடுவும் அவள் எழுதியதுதான்.

ஆறு நாற்பதுக்குப் படகு கிளம்பியது,
எந்தப் பெயரையும் யாரிடமும் விசாரிக்காமல்.
ரன்வாவின் வண்டி மட்டும் அதில்,
கூரையில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

அறிக்கைப் படிவத்தில்
காரணம் என்ற கட்டத்தில்
மார்னா ஒரு புள்ளி வைத்தாள்.

ஒன்பது மணிக்கு ஹெய்னி வந்தான்.
படிவத்தைப் புரட்டினான்.
"காரணம் எழுத மறந்துவிட்டாயே?"