செல்லோபேன் நெருப்பு

மாலை ஆறு மணிக்கு
மொண்டெவிடியோவில் தெருக்கள் காலியாகும்.
டாக்டர் சலீனாஸ் வானொலியில் வீடு திரும்பும் நேரம்.
குரல், எலாடியோ பெருத்தி.
காலடி, நான்.

நாற்பத்தொன்றாம் எண் ஆண் பூட்ஸைக் கைகளில் மாட்டி
சரளைப் பெட்டிக்குள் நடப்பேன்.
தகரத்தை உலுக்கினால் இடி.
தட்டில் பட்டாணி உருண்டால் மழை.
செல்லோபேன் தாளை மைக்கருகே கசக்கினால்
கணப்பு எரியும்.
அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான்
கெட்ட செய்திகளை அத்தனை மெதுவாகச் சொல்வார் அவர்.
பைசாண்டுவிலிருந்து ஒருத்தி
கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருந்தாள்:
"உங்கள் வீட்டுத் தரை ஈரமாய்க் கேட்கிறது, டாக்டர்."

போலியோ வார்டுக்கென அவர் கேட்டு
ஊர் கொடுத்த நாற்பதாயிரம் பெசோ
ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
கணக்கில் இல்லை.
புதன்கிழமை பத்திரிகையில் இருந்தது,
அவர் படத்தோடு.
படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.
நிலையம் எடுத்த விளம்பரப் படம்,
வேறெப்படி இருக்கும்?

விளக்கம் சொல்லப் போனார்.
குரல் உடையவில்லை.
நிறுத்தி, தெளிவாக, டாக்டரைப் போலவே பேசினார்.
நடிக்கிறான் என்றார்கள்.
இன்னொரு நாள் குரல் உடைந்தது.
என்னமாய் நடிக்கிறான் என்றார்கள்.

சோப்புக் கம்பெனி கைகழுவியது.

பிப்ரவரித் திருவிழாவில்
முகத்தில் சாயம் பூசிய பாடகர்கள்
மேடைக்கு மேடை ஊன்றுகோலோடு நொண்டி வந்து
"டாக்டர், என் காலை எங்கே வைத்தீர்கள்?" என்று பாடினார்கள்.
நானும் சிரித்தேன்.
சந்தம் நன்றாக விழுந்திருந்தது.

நெருப்பில்லாமல் புகையுமா
என்று கேட்டாள் தட்டச்சு செய்யும் நீடியா.
ஒன்பது வருடம்
வெறும் தாளில் நெருப்பு மூட்டியவள்
பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.
காபி ஆறுவதற்குள் குடித்து முடித்தேன்.

டாக்டருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை
என்று கதையில் எழுதிச் சேர்த்தார்கள்.
கட்டுப் பிரித்தபோது உள்ளேயிருந்து
புதியவன் ஒருவன் பேசினான்.
காலடி அதேதான்.
குறை சொல்லி வந்தவை இரண்டே கடிதங்கள்.

செப்டம்பரில் பணம் அகப்பட்டது.
எங்கேயும் போயிருக்கவில்லை.
வங்கிக் குமாஸ்தா ஒருவர்
பக்கம் மாற்றி ஒட்டிய ரசீது.
பதினொன்றாம் பக்கத்தில்
கப்பல் நேரங்களுக்குக் கீழே
காணாமல்போன நாய்க்கு மேலே
நான்கு வரி போட்டார்கள்.
நாய்க்குப் படம் இருந்தது.

பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன்.
துறைமுகச் சந்தை வாசலில் லாட்டரிச் சீட்டு விற்றார்.
மற்றவர்கள் தொண்டை கிழிய எண்களைக் கூவ
இவர் மட்டும் அட்டையில் எழுதிக்
கழுத்தில் மாட்டியிருந்தார்.
விலையை விரலால் காட்டினார்.
என்னைத் தெரிந்ததோ என்னவோ,
ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
பின்னால் இரண்டு பெண்கள் வந்து நிற்கவும்
தொப்பியை மட்டும் தொட்டார்.

சொல்ல வந்ததை நானும் சொல்லவில்லை.

கல் பாவிய தெருவில் திரும்பி நடந்தார்.
பழக்கதோஷம், காதைத் தீட்டிக்கொண்டேன்.
ரப்பர் அடி. சத்தமே இல்லை.
இடது காலை மட்டும் லேசாக இழுத்து,
ஏதோ கேட்டதுபோல் நடுவில் ஒரு கணம் நின்று,
பிறகு மறுபடி.

இத்தனை வருடம்
நான் நடத்தியது
வேறு யாரையோ.