நான்கு நிமிடம்

வெல்மா கீப்பிங், வயது நாற்பத்தொன்பது,
கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.
அவள் மகளைவிடச் சின்னப் பெண்கள்
முன்னால் நகச்சாயத்தை அழித்துக்கொண்டிருந்தார்கள்.
செவிலியருக்குச் சாயம் கூடாது, முதல் நாள் விதி.
அவளுக்கு அழிக்க எதுவும் இல்லை.
இருபத்துமூன்று வருடம் காட் மீன் அறுத்த கை.
இடது சுட்டுவிரல் நுனி
ஆலையிலேயே தங்கிவிட்டது.

நியூஃபவுண்ட்லாந்தில் ஆலை மூடினால்
ஊரின் வாசனை போய்விடும், அவ்வளவுதான் முதலில் தெரியும்.
கடைசியாகத் தந்த காசோலை
படகுக் கடனுக்குப் பாதி, கல்லூரிக்குப் பாதி.
கணவன் கால்வின் ஆல்பர்ட்டாவில்.
இருபது நாள் எண்ணெய்மணல், எட்டு நாள் வீடு.
தொலைபேசியில் கேட்டான்:
"இந்த வயசிலயா?"
"நீ எந்த வயசில அங்க போனே?"
அதற்குப் பிறகு இருவரும்
அங்கே குளிர் எத்தனை என்று பேசினார்கள்.

எலும்புகள் இருநூற்றாறு.
மீன் முள் மாதிரி ஒன்றொன்றாக
மனசுக்குள் உருவி வைத்தாள். அதில் பயமில்லை.
பயமெல்லாம் கணக்கில்.
மருந்தளவுத் தேர்வு: பத்துக்குப் பத்து, இல்லையேல் தோல்வி.
0.125 மில்லிகிராம் என்று வரவேண்டிய இடத்தில்
1.25 என்று எழுதியிருந்தாள்.
ஆசிரியை திட்டவில்லை.
அந்தப் புள்ளியைச் சுற்றிச்
சிவப்பில் ஒரு வட்டம் மட்டும்.

நம் எழுத்துக்குத் தெரியும் இது.
மெய்யின் தலையில் புள்ளி இருந்தால்
உயிர் அங்கே இல்லை.
வெல்மாவுக்குத் தமிழ் தெரியாது.
ஆனால் அன்றிரவு சமையலறை மேசையில்
அந்தப் புள்ளியை ஓர் இடம் தள்ளி,
மறுபடி இழுத்து,
கெட்டிலில் தண்ணீர் சுண்டும்வரை
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுதேர்வில் பத்து.
யாரிடமும் சொல்லவில்லை.
நாய்க்கு மட்டும் இரண்டு பிஸ்கட்.

பிப்ரவரியில் முதியோர் இல்லத்தில் பயிற்சி.
மூன்றாம் நாள், பதினேழாம் அறை.
கதவில் பெயர்: ஹெட்லி ஸ்ட்ரிக்லண்ட்.
கழுத்தில் அந்த நிறுத்துக்கடிகாரம் இல்லை.
ஆனால் அதே முகவாய்.

ஆலையில் கழிப்பறைக்கு நான்கு நிமிடம்.
ஐந்தாவது தொடங்கினால் கால் மணிக் கூலி வெட்டு.
வாசலில் நின்று எண்ணுவார்.
தூரமான நாளிலும் நான்கு.
நிறைமாதத்திலும் நான்கு.
ஒருமுறை, வரிசையில் நின்றபடி,
ரப்பர் அங்கிக்குள்ளேயே
அவளுக்குப் போய்விட்டது.
மீன் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள்.
அதைக் கால்வினிடம்கூடச் சொன்னதில்லை.

மணி அடித்தது.
பதினேழின் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு.
வெல்மா வாசலில் நின்றாள்.
அவள் மார்பில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம்,
குனிந்தால் அவளுக்கு மட்டும் நேராகத் தெரிவது.
விநாடி முள் ஒரு சுற்று சுற்றியது.

ஒரு சுற்று.
அதை நான் மறைக்கப் போவதில்லை.

பிறகு உள்ளே போனாள்.
இடுப்புப் பட்டையைக் கட்டி, முழங்காலை முட்டுக்கொடுத்து,
"மூணு எண்ணுவோம், எழுந்திருப்போம்."
உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை.
"மன்னிச்சுக்கோம்மா, நேரமாகும் எனக்கு."
அவளை அடையாளம் தெரியவில்லை அவருக்கு.
அல்லது தெரிந்துதான்
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டாள்.
தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும்.
பாடத்தில் இல்லை அது,
பிள்ளை வளர்த்தவளுக்குத் தெரியும்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
ஜன்னல் வழியே சாம்பல் கடலைப் பார்த்தாள்.
ஒரு படகும் இல்லை.

பதினொரு நிமிடம் ஆனது.
எண்ணவேண்டும் என்றில்லை,
பழக்கம்.

குறிப்பேட்டில் எழுதினாள்:
அறை 17. சிறுநீர் 210 மில்லி. நிறம் தெளிவு.
புள்ளிக்கு வேலையே இல்லாத எண்.
இருந்தும் இரண்டு தரம்
சரிபார்த்தாள்.