ஆர்டர் வராத ஆலை

செவ்வாய், வியாழன், சனி.
நாகலூரில் முதல் பஸ் பிடித்து
இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி
சேலத்துக்கு வந்து சேர்கிறார் வெள்ளையன்.
மூன்றாம் நம்பர் மெஷின் அவருடையது.

கீழிமையை விரலால் இழுத்துப் பார்க்கிறேன்.
வெளிறல்.
"பேரே அதுதானேம்மா" என்று
மூச்சு வாங்கிக்கொண்டே சிரிக்கிறார்.

பீட்ரூட் தின்றாயிற்று. முருங்கைக்கீரை தின்றாயிற்று.
மகன் வாங்கிவந்த மாதுளையால்
பொட்டாசியம் ஏறி டாக்டரிடம் திட்டும் வாங்கியாயிற்று.
இரும்புக்குக் குறைவில்லை, ரிப்போர்ட்டைப் பாருங்கள்,
கஞ்சமலையே உள்ளே குவிந்து கிடக்கிறது.
ஆலைக்கு ஆர்டர்தான் வரவில்லை.

எந்த ஆலை என்கிறார்.

ரத்தம் ஊறுவது நெஞ்சுக்குள் இல்லை ஐயா.
இடுப்பெலும்பில், மார்பெலும்பில், விலாவில்,
முதுகுத்தண்டின் கணுக்கணுவில்
சிவந்த கூழாக ஒரு மஜ்ஜை.
நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணு.
இதை நான் சொல்லி முடிப்பதற்குள்
சேலத்து ஜனத்தைப் போல் எத்தனையோ மடங்கு.

வெளியே வருமுன் ஒவ்வொன்றும்
தன் கருவையே தள்ளிவிடுகிறது,
திருவிழா வண்டியில் சீட்டைக் கழற்றிப் போட்டு
ஆள் ஏற்றுகிற மாதிரி.
இடமெல்லாம் காற்றுக்கே.
பழுதானால் பார்க்க உள்ளே ஆளில்லை.
நூற்றிருபது நாள் ஓட்டம், அப்புறம்
மண்ணீரலில் காயலாங்கடை.
இரும்பு மட்டும் திரும்பவும் ஆலைக்கு.

"செய்யச் சொல்றது யாரு?"

சிறுநீரகம்.
ரத்தத்தில் காற்று குறைந்தால் மோப்பம் பிடித்து
எலும்புக்கு எழுதிப் போடுவது அதுதான்.

குழாயில் சுற்றிவரும் தன் ரத்தத்தைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"மூத்திரத்துக்கு மட்டும்னு நெனச்சேன்.
மொளகு மூட்டையோட மேல ஏறறப்பல்லாம்
எழுதிக்கிட்டே இருந்திருக்கு.
ஒரு வார்த்த சொல்லலியே."

இப்போது கடிதம் போடுவது நான்.
நாலாயிரம் யூனிட், தோலுக்கடியில்.
ஃப்ரிட்ஜில் இன்னும் ஆறு ஊசிதான்;
சனிக்கிழமைக்கு இண்டென்ட் போட்டிருக்கிறேன்,
வந்தால் உண்டு.

எட்டாவது வாரம்.
ஏழு புள்ளி இரண்டு, ஒன்பது புள்ளி ஒன்று ஆகியிருக்கிறது.
வியாழக்கிழமை திரும்பும்போது
ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி
ஏற்றத்தை நடந்தே முடித்தாராம்.
இரண்டு இடத்தில் நின்றாராம்.

எதற்கு இந்த வேலை என்றேன்.
"லெட்டர் போய்ச் சேந்துச்சான்னு பாத்தேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்,
எடை பார்க்க வேண்டும் என்றேன்.