காப்பி டின்

வோல்க்மார் மேசையில் மூன்று விலைப்பட்டியல்கள்.
எதைத் திறந்தாலும் துப்பாக்கி,
எண்ணெய் பூசிய வால்நட் கட்டையில்
யாரோ சீமான் மாதிரிச் சாய்ந்துகொண்டு.
விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடப்
புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.
பழையதின் குழல் தேய்ந்துபோயிற்று.

கிராஸிலிருந்து வந்திருக்கும் எகோன் சொல்கிறார்:
முந்நூறு மேக்னம். யோசிக்காதே.
நொடிக்கு மூவாயிரம் அடி,
நானூறு மீட்டருக்கு நூல் பிடித்த மாதிரிப் போகும்.
அவர் விரலே தோட்டாவாகி
சர்க்கரைக் கிண்ணத்தைத் தாண்டிப் பறக்கிறது.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவள் நான்,
எல்ஃப்ரீடா ஹொய்பெஸ்.
பதினாறு வருஷமாக இந்தப் பண்ணையில் தோலுரிக்கிறேன்.
ஒரு தடவையும் சுட்டதில்லை.
யார் சுட்டாலும்
கடைசியில் என் கத்திக்குத்தான் வந்தாக வேண்டும்.

இங்கே பங்கு இப்படி:
முதுகுக்கறி விருந்தாளி மேசைக்கு.
பின்தொடை அவுட்ஜோ கசாப்புக் கடைக்கு.
கழுத்தும் முன்சப்பையும் எங்களுக்கு,
ஏழு வீட்டுக்கு.
தோட்டா புகுகிற இடம் எது?
முன்சப்பை.

யாரும் என்னைக் கேட்கவில்லை.
குளிரறை ஜன்னலில் இருந்த டின்னைக் கொண்டுவந்து
விலைப்பட்டியல் மேலேயே கவிழ்த்தேன்.

இது முந்நூறு. போன ஜூன்.
எழுபது மீட்டரில் நின்ற முறுக்குக்கொம்புக் குடு.
உள்ளே நுழைந்ததும் வெடித்துச் சிதறிவிட்டது,
செம்புச் சீவலும் ஈயப் பொடியும்தான் மிச்சம்.
சப்பை முழுக்க ரத்தம் கட்டிக் கருத்து,
இரண்டு வாளி நாய்களுக்குப் போயிற்று.
அப்படியும் கெர்சன் மகன் பல்லில்
ஒரு துணுக்கு கடிபட்டது.

இதுவும் அதே துப்பாக்கிதான், வேறு டப்பாத் தோட்டா.
ஈயத்தை விட்டு உறை கழலவே இல்லை.
எலும்பை உடைத்துக்கொண்டு போய்
அந்தப் பக்கத் தோலுக்கடியில்
காளான் மாதிரி விரிந்து படுத்திருந்தது.
துப்பாக்கியின் படத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஐயா.

இது எலாண்ட் காளை. எழுநூறு கிலோ இருக்கும்.
சின்னத் தோட்டா, வேகம் மட்டும் பெரிசு.
தோள் எலும்பிலேயே நின்றுவிட்டது.
கெர்சன் இரண்டு பகல் தடம் பார்த்தார்.
போய்ச் சேர்ந்தபோது கழுகுகள்
எங்களுக்கு முன்பே பந்தியில் உட்கார்ந்திருந்தன.

எகோன் அந்தத் துண்டை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
யார் சுட்டது என்று கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

கனத்த தோட்டா தோளை உதைக்கும், என்றார் பிறகு.
உதை இரண்டு நாளில் ஆறிவிடும், என்றேன்.
அப்போது நானூறு மீட்டர்?
கெர்சன் நூறுக்குள் கூட்டிப் போவார்.
முட்டி தேயும். அவருக்கு அது பழக்கம்.

வோல்க்மார் கண்ணாடியைக் கழற்றி,
துடைத்து, மாட்டி,
சீவல்களை உள்ளங்கையால் ஒதுக்கிவிட்டு
ஒரு வரியின் கீழே கோடு போட்டார்:
ஒன்பது புள்ளி மூன்று.
இருநூற்றெண்பத்தாறு கிரெயின்.
காப்பி ஆறிவிட்டது, வேறு கொண்டுவா, என்றார்.

ஆகஸ்டில் முதல் எலாண்ட்.
உள்ளே போன ஓட்டை என் கட்டைவிரல் அளவு.
வெளியே வந்தது கொஞ்சம் பெரிது.
அறுபது எட்டு நடந்து, முன்கால் மடித்து,
அவ்வளவுதான்.
சப்பையை விரித்துப் பார்த்தேன்,
ஓட்டையைச் சுற்றி ஒரு கைப்பிடி கழிவு.
பழக்கதோஷத்தில் தோட்டாவைத் தேடினேன்.
அது அந்தப் பக்கம் போய்
செம்மண்ணில் எங்கேயோ புதைந்துவிட்டது.

அன்று ஏழு அடுப்பிலும் கறி.

டின்னைக் கழுவி உப்பு போட்டு வைக்கலாம் என்றிருந்தேன்.
வேண்டாம், இருக்கட்டும்.
அடுத்த வருஷம் எகோன்
தன் துப்பாக்கியோடுதான் வருகிறாராம்.